காற்று திரும்பும் வேளை

வீட்டின் கண்கள் சாளரங்கள் என்று சொல்வதுண்டு. கண்ணைப் போலவே அவை ஒளிக்கு வழிவிடுகின்றன. கண்ணைப் போலவே எளிதில் ஊறுபடவும் செய்கின்றன. புயற்காலத்தில் ஒரு கண்ணாடி உடைந்தால், உட்புகும் காற்று கூரையை உள்ளிருந்தே மேல்நோக்கித் தள்ளும். ஓட்டு வீட்டுக்கும் தகரக் கூரைக்கும் அதுவே பெருங்கேடு. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நாங்கள் இதைக் கண்கூடாகக் கண்டோம். வடக்கிலிருந்து வீசிய கடுங்காற்று பிற்பகலில் ஓய்ந்தது. புயலின் மையம் எங்கள்மேல் கடந்துகொண்டிருந்தது. ஆபத்து நீங்கிற்றென்று எண்ணிச் சிலர் தெருவுக்கு வந்தனர். சற்று நேரத்தில் காற்று தெற்கிலிருந்து சீறிற்று. வடபுறத்தை மட்டும் காத்திருந்த வீடுகளில் தென்புறக் கண்ணாடிகள் நொறுங்கின. எதிர் வீட்டில் தனியே வாழ்ந்த முதிய அம்மையாரின் சாளரத்தை, யாரோ மாடியில் விட்டுவைத்த பூந்தொட்டி வந்து உடைத்தது. கட்டிலெங்கும் கண்ணாடிச் சில்லுகள். அவர் அடுக்களையில் இருந்தமையால் உயிர் தப்பினார். அன்றிரவு எங்களோடு தங்கினார்.

கண்ணாடியின்மேல் நாடாவைக் குறுக்காக ஒட்டினால் போதும் என்று பலர் நம்புகின்றனர். நாடா கண்ணாடிக்கு வலுவூட்டாது. பெரிய துண்டுகளாக விழச்செய்து தீங்கை மிகுவிக்கவும் கூடும். சாளரங்களைத் திறந்துவைத்தால் அழுத்தம் சமமாகும் என்பதும் தவறு. தடித்த பிளைவுட் பலகைகளை ஒவ்வொரு சாளரத்துக்கும் அளந்து வெட்டி, திருகாணித் துளையிட்டு, எண் எழுதி அடுக்கிவைப்பதே தக்க வழி. வடகிழக்குப் பருவமழைக்கு முன், வானம் தெளிந்திருக்கும் நாள்களில் செய்யவேண்டிய வேலை இது. மரக்கதவுள்ள சாளரமாயின் கீலையும் தாழ்ப்பாளையும் சரிபார்க்கவேண்டும். மாடியிலுள்ள தொட்டிகளையும் தகரங்களையும் உள்ளே எடுத்துவிட வேண்டும்.

புயல் தணிந்த பின்னும் கடமை முடிவதில்லை. செருப்பணிந்து, தடித்த கையுறையுடன் சில்லுகளைப் பொறுக்கவேண்டும். புதுக் கண்ணாடி பொருத்தும்வரை தார்ப்பாயை மரச்சட்டம் வைத்து அறைந்து மழையைத் தடுக்கலாம். உடைந்த கண்ணாடியைக் குப்பையோடு கலந்து கொட்டுவோர் மறுநாள் அதை அள்ளும் தூய்மைப் பணியாளரின் கைகளை நினைப்பதில்லை. நாங்கள் அவற்றைப் பல மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியிலிட்டு, ‘கண்ணாடி’ எனப் பெரிதாய் எழுதித் தனியே வைத்தோம். பெட்டியை எடுக்க வந்த பெண்மணி அந்தச் சொல்லைப் படித்துவிட்டு எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

நாம் அப்புறப்படுத்தாத தொட்டி அயலாரின் கட்டிலில் விழுகிறது. நாம் பொதியாத சில்லு முகமறியாதவரின் விரலைக் கிழிக்கிறது. நம் வீட்டுச் சாளரத்தைக் காக்கையில் நாம் காப்பது நம் வீட்டை மட்டுமா?