கதிரொளியும் கணக்கேடும்

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்பது பழமொழி. ஆயினும், கதிரொளியை விளைபொருளாகக் கொண்ட கூரை உழவுக்குக் கணக்கே உயிர்நாடியாகும்.

1954 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தைச் சார்ந்த சாப்பின், ஃபுல்லர், பியர்சன் என்னும் மூவர் சிலிக்கனால் ஆகிய சூரிய மின்கலத்தைப் படைத்துக் காட்டினர். அது தன்மீது விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கினையே மின்னாற்றலாக மாற்றிற்று. இன்றைய தகடுகளோ 20 பங்கினுக்கு மேலும் மாற்ற வல்லன. 2024 ஆம் ஆண்டில் இந்திய அரசு, 1 கோடி இல்லங்களின் கூரைகளில் இத்தகடுகளை நிறுவும் நோக்குடன் ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

தகட்டை நிறுவியதோடு கடமை முடிந்துவிடுமோ? முடியாது. தூசு படிதல், மரநிழல் விழுதல், கம்பி இணைப்புத் தளர்தல் முதலியன விளைவைக் குறைக்கும். வெப்பமும் ஒரு பகையே. தகட்டின் திறன் 25 பாகை வெப்பநிலைக்கே குறிக்கப்படுகிறது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு ஏறத்தாழ 0.35 பங்கு திறன் குறையும். வேனிற்காலத்தில் தகடு 60 பாகை வரை சூடேறுமாயின், எட்டில் ஒரு பங்கு இழப்பாகும்.

இக்குறைகளைக் கண்ணால் காண்டல் அரிது. நாள்தோறும் எழுதும் கணக்கே காட்டும். அதுவும் ஒரு வீட்டுக் கணக்கால் முற்றும் விளங்காது. ஒரு வீட்டில் 3 கிலோவாட்டுத் தகடுகள் 12 யூனிட்டு மின்சாரம் தருகின்றன. அண்டை வீட்டில் 5 கிலோவாட்டுத் தகடுகள் 20 யூனிட்டுத் தருகின்றன. கிலோவாட்டு ஒன்றுக்கு இரண்டும் 4 யூனிட்டே. ஆதலின் அவை நிகரானவை. மறுநாள் முதல் வீட்டில் 8 யூனிட்டே கிடைக்கிறது. அண்டை வீட்டிலும் அவ்வாறே குறைந்திருப்பின், மேகமே காரணம் எனலாம். அங்கு 20 யூனிட்டு வழக்கம்போல் விளைந்திருப்பின், பழுது முதல் வீட்டுக் கூரையில் உள்ளது எனத் தெளியலாம். பிறர் கணக்கு இன்றேல், அவ்வீட்டார் வானத்தைப் பழித்துக்கொண்டே நாள்தோறும் இழப்பர்.

இப்பகிர்வால் நாட்டிற்கும் நன்மை உண்டு. கூரையில் விளைந்து அவ்வீட்டிலேயே செலவாகும் மின்சாரம், மின்கட்டமைப்பை நடத்துவோர் கண்ணுக்கு நேரே புலப்படாது. இங்கிலாந்து நாட்டுச் செஃபீல்டுப் பல்கலைக்கழகத்தார், வீட்டுக்காரர் மனமுவந்து அளித்த விளைவுக் கணக்குகளைத் திரட்டி ஆராய்ந்தனர். நாடு முழுவதும் கதிரொளியால் விளையும் மின்சாரத்தை அரைமணிக்கொருமுறை மதிப்பிட்டும் அவர்கள் வெளியிட்டு வருகின்றனர்.

எனினும், பகிர்தலிலும் வரையறை வேண்டும். விளைவைக் கூறலாம், செலவைப் பலரறியக் கூறலாகாது. மின்செலவு பல நாள் குன்றியிருப்பின், அவ்வீடு ஆளின்றிக் கிடப்பதைக் கள்வனும் அறிவான் அன்றோ?

கதிரவன் அனைவர்க்கும் பொதுவாக ஒளி வழங்குகிறான். அவ்வொளியின் கணக்கினை அளவறிந்து பகிர்வோர் தமக்கும் பிறர்க்கும் பயன்படுவோர் ஆவர்.