சார்வாளின் ஊதா ரயில்

2024 டிசம்பர் 10, செவ்வாய்

இன்று ஆட்டம் இல்லை. குகேஷும் டிங் லிரெனும் 12 சுற்று முடித்து ஆளுக்கு 6 புள்ளியோடு ஓய்வெடுக்கிறார்கள். உலக சதுரங்கப் பட்டப்போட்டியின் கடைசி இரண்டு சுற்றையும் பார்க்கக் கொற்கையிலிருந்து சிங்கப்பூர் வந்திருக்கும் கணக்கு வாத்தியாருக்குத்தான் ஓய்வில்லை. பணி ஓய்வு பெற்றும் ஊருக்கு அவர் சார்வாள். நாளை வழி தவறிவிடக் கூடாதென்று இன்றே ஒத்திகைக்குக் கிளம்பிவிட்டார்.

தங்கியிருப்பது லிட்டில் இந்தியா. அங்கிருந்து ஊதா நிறப் பாதையில் ஒரே ரயில், ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட். 2003இல் திறந்த இந்தப் பாதையில் ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. சார்வாள் முன்கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சுரங்கத்தைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் ஒரு சிறுபிள்ளை இடம் கிடைக்காமல் முறைத்துக்கொண்டிருந்தது.

நிலையங்களுக்குப் பெயரோடு எண்ணும் உண்டு. லிட்டில் இந்தியா 7, தோபி காட் 6 (நம் வண்ணார்கள் துணி வெளுத்த துறைதான்), பிறகு 5, 4, 3. அடுத்தது 1!

"ரெண்டு எங்கலே போச்சு?" என்று போனில் கேட்டார்.

"பின்னால ஸ்டேஷன் கட்டுறதுக்குன்னு விட்டு வச்சிருக்காவ மாமா" என்றான் இங்கேயே குடியிருக்கும் மருமகன்.

கட்டாத நிலையத்துக்கும் எண் ஒதுக்கிய ஊர் சார்வாளுக்கு அப்போதே பிடித்துவிட்டது.

டிசம்பர் 11, புதன்

காலையில் பஸ் ஏறி மருமகன் வீட்டுக்குப் போனார். ஏறும்போது கார்டைத் தட்டியவர் இறங்கும்போது மறந்துவிட்டார். தட்டாமல் இறங்கினால், அந்த பஸ் போகும் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். "எறங்கும்போதும் தட்டணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே மாமா!" தூரத்துக்குத்தான் காசு என்பதால், இறங்கிய இடம் தெரியாமல் கணக்கு முடியாது. விடைத்தாளில் கடைசி வரி எழுதாத பையனுக்கு மார்க் குறைத்தவர், மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

ஆட்டம் மாலை 5 மணிக்கு, செந்தோசா தீவில். ஹார்பர்ஃபிரண்டில் இறங்கி மேலே ஏறினால் விவோசிட்டி என்ற பேரங்காடி. அதன் மூன்றாம் தளத்தில் மோனோ ரயில். தீவுக்குள் போக 4 வெள்ளி, திரும்பி வர இலவசம். (டாலரை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்கிறார்கள்.) கடல்மேல் நடைபாதையும் உண்டு; சார்வாள் நடந்தே போனார். 4 வெள்ளி மிச்சம் என்பது பாதிக் காரணம்தான். கொற்கை பாண்டியரின் முத்துத் துறைமுகம். தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த மண்ணால் கடல் விலகிப் பல கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது. துறைமுகத்து ஊர்க்காரர் ஒருவர் கடலைத் தாண்டி நடக்கக் கிடைத்ததை விடுவாரா?

ஈக்வேரியஸ் ஓட்டலில், ஒலி புகாத கண்ணாடி அறைக்குள் 13ஆவது சுற்று. டிரா.

ரயிலில் திரும்பும்போது மாமல்லபுரம் நினைவுக்கு வந்தது. 2022இல் செஸ் ஒலிம்பியாட் நடந்த ஊர். முதல் பலகையில் குகேஷ் தங்கம் வென்ற ஊர். அங்கே ரயில் நிலையமே இல்லை. அத்தனை நாட்டு ஆட்டக்காரர்களும் சாலை வழியேதான் வந்து போனார்கள். பல்லவர் துறைமுகம் வரைக்கும் ஒரு தண்டவாளம் போட இன்னும் நமக்குக் கைவரவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

இன்று யாரிடமும் வழி கேட்கவில்லை. மாறாக, பிளாட்பாரத்தில் திகைத்து நின்ற ஒரு கோவைக் குடும்பத்துக்கு வழி சொன்னார்: "ஊதாக் கலர்லயே போங்க, கடைசி ஸ்டேஷன்."

டிராவை நோக்கி நகர்ந்த ஆட்டத்தில், 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப் 2 கட்டத்துக்கு நகர்த்தினார். யானைகள் வெட்டுப்பட்டால் மந்திரிகளும் போய், ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சும். அதில் கறுப்புக்கே வெற்றி. கறுப்பில் ஆடிய குகேஷ் கண்டுகொண்டார். 58ஆவது நகர்த்தலோடு டிங் கைகொடுத்தார். 7.5க்கு 6.5. பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன், அதுவும் கண்ணீரோடு.

மோனோ ரயிலில் திரும்பிய கூட்டத்தில் பாதி தமிழ் பேசியது. லிட்டில் இந்தியாவில் இறங்கிய சார்வாள் மறக்காமல் கார்டைத் தட்டி வெளியே வந்தார்.

டிசம்பர் 13, வெள்ளி

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். திருச்சியிலிருந்து மதுரை, திருநெல்வேலி, ஏரல் என்று பஸ் மாறி மாறிக் கொற்கைக்கு வந்துசேர அதைவிட நேரம் பிடித்தது.