இனி வருவோரின் சம்பளம்

விமானமோட்டிகளின் சம்பளத் தகராறு பற்றி எழுதப்போகிறோம் என்றதும் ஆசிரிய நண்பர் ஒருவர் நகைத்தார். மாத முடிவில் கடைக்காரரின் கொப்பிக் கணக்கைத் தீர்க்கவே திண்டாடும் நமக்கு, ஆகாயத்திற் பறப்போரின் வேதனத்தைப் பற்றி என்ன கவலை என்பது அவர் கேள்வி. அமெரிக்கப் பெருங் கம்பனியொன்றின் சிரேஷ்ட கப்டன் ஓராண்டிற் பெறும் தொகை, நம் நாட்டு ஆசிரியர் ஆயுள் முழுவதும் உழைத்தாலும் காணமுடியாத தொகைதான். எனினும் அவரும் தம் உழைப்பை விற்று வாழ்பவரே. அவருடைய சங்கத்தின் வரலாற்றில் சம்பளம் வாங்கும் எவரும் ஊன்றிக் கவனிக்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நெருக்கடி வரும்போது ஒரு சங்கம் யாருடைய பங்கை விட்டுக்கொடுக்கிறது?

அமெரிக்க விமானமோட்டிகளின் சங்கம் 1931ஆம் ஆண்டில் டேவிட் பென்கே என்னும் விமானமோட்டியின் தலைமையில் தோன்றியது. 1933இல் கம்பனிகள் சம்பள முறையை மாற்ற முனைந்தபோது, வேலைநிறுத்தம் செய்வோம் என்று சங்கம் எச்சரித்தது. தகராறு அரசாங்கத்தின் தொழிற் சபைக்குச் சென்றது. 1934இல் அச்சபை அளித்த தீர்ப்பு, மாதமொன்றுக்கு 85 மணித்தியாலத்துக்கு மேற் பறக்கக்கூடாது என விதித்தது. பறக்கும் நேரம், தூரம், விமானத்தின் வேகம் ஆகியவற்றோடு சம்பளத்தையும் இணைத்தது. இயந்திரம் வளர்ந்தால் அந்த வளர்ச்சியின் பயனில் ஒரு பங்கு அதை இயக்குபவனுக்கும் உரியது என்ற கொள்கை அதனுள் அடங்கியிருந்தது.

1978 வரை எந்தக் கம்பனி எங்கே பறப்பது, என்ன கட்டணம் வாங்குவது என்பவற்றை அந்நாட்டு அரசாங்கமே தீர்மானித்தது. அவ்வாண்டில் வந்த சட்டம் அக்கட்டுப்பாட்டை நீக்கிற்று. பயணக் கட்டணம் குறைந்தது. சாதாரண மக்களும் விமானம் ஏறினர். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் குறைந்த கட்டணத்தின் சுமையை யார் தோளில் ஏற்றுவது என்ற கேள்வி உடனே எழுந்தது. 1983இல் கொன்டினென்டல் கம்பனி வங்குரோத்துச் சட்டத்தின் கீழ்ப் புகுந்து, சங்க ஒப்பந்தங்களைத் தூக்கியெறிந்து, ஏறத்தாழப் பாதிச் சம்பளத்துக்கு ஆட்களை மீண்டும் அழைத்தது. விமானமோட்டிகளின் வேலைநிறுத்தம் ஈராண்டு நீண்டும் பழைய ஒப்பந்தம் மீளவில்லை.

அதே ஆண்டில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிர்வாகம் இதனினும் நுட்பமான ஒரு வழியைக் கண்டது. இருப்போரின் சம்பளத்தில் கைவைக்கமாட்டோம், இனிச் சேர்வோருக்கு மட்டும் வேறொரு தாழ்ந்த படித்தரம் வைப்போம் என்றது. இதுவே ‘பீ’ படித்தரம் எனப் பெயர் பெற்றது. சங்கம் அதற்கு இணங்கியது. வாக்களிக்கும் மண்டபத்தில் இருந்த எவருக்கும் ஒரு சதமும் நட்டமில்லை. நட்டப்படுவோர் அப்போது எங்கோ பறக்கப் பழகிக்கொண்டிருந்த இளைஞர்கள். அவர்களுக்கு வாக்கு இல்லை, முகமும் இல்லை. முகமற்றவர்களுடைய பங்கை விட்டுக்கொடுப்பதைப் போல எளிதான காரியம் வேறில்லை. ஆனால் ஒரே விமானத்தில், ஒரே வேலையை, இரு கூலிக்குச் செய்பவர்கள் நாளை ஒரே சங்கமாக நிற்பது எங்ஙனம்?

இக்கேள்விக்கு 1985இல் ஒரு விடை கிடைத்தது. யுனைட்டெட் கம்பனி இதே இரட்டைப் படித்தரத்தைத் திணிக்க முயன்றபோது, விமானமோட்டிகள் மே 17ஆந் தேதி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தம் சம்பளத்துக்காக அன்று. இனி வருவோரின் சம்பளத்துக்காக. அப்போது கம்பனியிடம் பயிற்சி பெற்ற புதியவர்கள் ஏறத்தாழ 570 பேர் இருந்தனர். வேலைநிறுத்தத்தை மீறி உள்ளே வந்தால் வேலை உண்டு என்றது நிர்வாகம். வாழ்நாட் கனவு கைக்கெட்டும் தூரத்தில் நின்ற அந்த வேளையில், அவர்களில் மிகச் சிலரே உள்ளே சென்றனர். தமக்காக வெளியே நின்ற மூத்தவர்களோடு இளையவர்களும் நின்றனர். 29 நாட்களின் பின் போராட்டம் முடிந்தது. இரட்டைப் படித்தரம் முற்றாக ஒழியவில்லை. ஆயினும் அதற்கு எல்லை விதிக்கப்பட்டது. வெளியே நின்ற புதியவர்களை நிர்வாகம் பழிவாங்கியது. நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

நெருக்கடி மீண்டும் வந்தது. 2001ஆம் ஆண்டுத் தாக்குதல்களின் பின் பெருங் கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வங்குரோத்து மன்றேறின. டெல்டா விமானமோட்டிகள் 2004இல் 32.5 வீதத்தையும், 2006இல் மேலும் 14 வீதத்தையும் இழந்தனர். யுனைட்டெட் தன் ஊழியரின் ஓய்வூதியத் திட்டங்களை 2005இல் கைகழுவியது. 2009 ஜனவரியில் 155 உயிர்களோடு ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கிய கப்டன் சல்லன்பேர்கரை உலகமே போற்றியது. அடுத்த மாதம் அவர் அமெரிக்கக் காங்கிரசின் முன் தோன்றி, தம் சம்பளம் 40 வீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியம் பறிபோனதையும் எடுத்துரைத்தார்.

சம்பளக் குறைப்பாவது காகிதத்தில் தெரியும். நேரசூசியில் நிகழும் குறைப்பு எளிதிற் புலப்படாது. பாடசாலை நேரசூசி தயாரித்த அனுபவம் நமக்கு உண்டு. எவரும் விரும்பாத கடைசிப் பாடவேளை புதிதாக வந்த ஆசிரியரின் தலையிற் போய் விழுவதை நாம் கண்டிருக்கிறோம். விமானமோட்டிகளின் உலகிலும் சேவைமூப்பே எல்லாம். மாதந்தோறும் மூத்தவர் முதலில் தெரிகிறார். பண்டிகை நாளும் நள்ளிரவும் இளையவருக்கு எஞ்சுகின்றன. அவரிலும் இளையவர் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கிறார். விமான நிலையத்திற் காத்துக்கிடக்கும் மணித்தியாலங்கள் பெரும்பாலும் சம்பளக் கணக்கிற் சேர்வதில்லை. விருப்பங்களைக் கேட்டு ஒவ்வொருவரின் மாதத்தையும் கணினியே வகுக்கும் முறை பின்னர் வந்தது. அது பலருக்கு வசதி. ஆயினும் அதே வேலைக்குக் குறைந்த ஆட்கள் போதும் என்பதாற் கம்பனிக்கும் ஆதாயம். 2022 டிசம்பர்ப் பனிப்புயலின்போது சவுத்வெஸ்ட் கம்பனியின் கடமைப் பட்டியற் கணினி முறை தடுமாறி, 16,000க்கும் மேற்பட்ட பறப்புகள் இரத்தாயின. கடமை எதுவென்று அறியப் பல ஊழியர்கள் மணிக்கணக்கிற் தொலைபேசியிற் காத்திருந்தனர். அந்த முறையின் பலவீனத்தை அவர்களின் சங்கம் முன்னரே எச்சரித்திருந்தது.

நேரத்தை இழப்பவன் ஓய்வை இழக்கிறான். அவன் ஓய்வு பின்னால் அமர்ந்திருப்போரின் உயிரோடு பிணைந்தது. 2009 பெப்ரவரியில் பஃபலோ நகரருகே ஒரு விமானம் வீழ்ந்து 50 பேர் மாண்டனர். அதன் விசாரணை, சிறு கம்பனி விமானமோட்டிகளின் சொற்பச் சம்பளத்தையும் களைப்பையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2014இல் புதிய ஓய்வு விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆனால் இரவெல்லாம் பறக்கும் சரக்கு விமானமோட்டிகளுக்கு அவை கட்டாயமாக்கப்படவில்லை. செலவு அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணம். அவர்களுக்குப் பின்னே பயணிகள் இல்லையாம்!

2023இல் விமானமோட்டிகளுக்குத் தட்டுப்பாடு நிலவிய வேளை டெல்டா சங்கம் நான்காண்டுகளில் 34 வீத உயர்வை வென்றது. மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஓய்வு பெற்றுச் சென்றவர்களுக்கு அந்த உயர்வு சென்று சேரவில்லை. போன ஓய்வூதியமும் திரும்பவில்லை.

ஆசிரியர் சங்கங்களின் கூட்டங்களிலும் இத்தகைய பிரேரணைகள் மென்மையான சொற்களில் வரும். “உங்களுக்கு ஒன்றும் குறையாது, புதியவர்களுக்கு மட்டும்” என்று யாரேனும் கூறும்போது, கை உயர்த்துமுன் நம் வகுப்பறையின் கடைசி வாங்கில் இருக்கும் மாணவனை ஒருமுறை நினைத்துக்கொள்வோம். அந்தப் புதியவன் அவன்தான்.