வலைப்பூவில் ஒட்டிவைத்த பெட்டிகள்



போன வாரம் பழைய வலைப்பூக்களைப் பற்றி நாலு வரி எழுதியதும் இன்பாக்ஸில் ஏழெட்டுப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "ரிட்டயர் ஆயாச்சு சார், நானும் ஒரு வலைப்பூ தொடங்கலாம்னு இருக்கேன். என்னென்ன விட்ஜெட் போட்டா நல்லா இருக்கும்?" ஒவ்வொருவருக்கும் தனியாகத் தட்டச்சு செய்ய விரல் ஒத்துழைக்கவில்லை. இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

விட்ஜெட் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பிளாகரில் லேஅவுட் பகுதிக்குப் போய் 'ஆட் எ கேட்ஜெட்' என்பதைத் தட்டினால் ஒரு பட்டியல் வரும். அதில் பெரும்பாலானவை பிளாகரே தருபவை: தேடல் பெட்டி, குறிச்சொற்கள், பழைய பதிவுகளின் மாதவாரிப் பட்டியல் இப்படி. அதே பட்டியலில் 'எச்டிஎம்எல்/ஜாவாஸ்கிரிப்ட்' என்று ஒரு வெற்றுப் பெட்டியும் இருக்கும். வெளியார் தளம் ஒன்று கொடுக்கும் நாலு வரி நிரலை அதில் ஒட்டிச் சேமித்தால் அவர்களுடைய கருவி நம் பக்கத்து ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் கேட்பது இந்த இரண்டாவது வகையைப் பற்றி என்று எடுத்துக்கொள்கிறேன்.

2008, 2009 வாக்கில் இந்தப் பெட்டிகள் மீது எங்களுக்கு இருந்த மோகத்தை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். பக்கத்தைத் திறந்தால் ஒரு மூலையில் கடிகாரம் ஓடும். உலக வரைபடத்தில் யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று சிவப்புப் புள்ளிகள் மின்னும். டிசம்பர் பிறந்தால் ராமநாதபுரத்துக்காரர் வலைப்பூவிலும் பனி கொட்டும். சில பேர் பக்கத்தில் பாட்டு தானாகவே ஆரம்பித்துவிடும், ஆசிரியர் அறையில் ஸ்பீக்கரை அணைக்க ஓட வேண்டியிருக்கும்.

எல்லாமே வெட்டி அலங்காரம் என்று நான் சொல்லமாட்டேன். தமிழ்மணம் திரட்டியின் கருவிப்பட்டையை வார்ப்புருவில் சேர்த்துவைத்தால், எழுதி முடித்த கையோடு அங்கிருந்தே பதிவைத் திரட்டிக்கு அனுப்ப முடிந்தது, வாசகர்கள் வாக்களிக்க முடிந்தது. சின்ன ஊரில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு வாசகர்களைக் கொண்டுவந்து சேர்த்ததே அந்தப் பட்டைதான். வருகைக் கணக்குப் பெட்டியும் அப்படித்தான். விடிகாலையில் எழுந்து பார்க்கும்போது டொரோன்டோவிலிருந்து ஒருவர், பாரிசிலிருந்து ஒருவர் வந்து போனதாகக் காட்டினால் அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருக்கும். அந்தச் சந்தோஷத்தை நான் கேலி செய்யத் தயாராக இல்லை.

இனி சொல்ல வந்த விஷயம்.

என்னோடு ஒரே பள்ளியில் பதினாலு வருஷம் வேலை பார்த்த அறிவியல் ஆசிரியர் ஒருவர். சிவகங்கைப் பக்கம் கண்மாய்ப் பாசனக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். 2009-இல் வலைப்பூ தொடங்கி உழவுச் சொற்களை எழுத ஆரம்பித்தார். மேழி, கொழு, ஏர்க்கால், நுகத்தடி, பூட்டாங்கயிறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு. வெள்ளைத்தாளில் பென்சிலால் படம் வரைந்து, அதை கேமராவில் பிடித்துப் போடுவார். லீவு நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு எண்பது வயதுக்காரர்களைத் தேடிப் போவார். மொத்தம் 214 பதிவுகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார்.

சில மாதங்களுக்கு முன் அவருடைய மகள் போன் செய்தாள்.

"மாமா, அப்பா பக்கத்தைத் திறந்தா ரம்மி ஆடச் சொல்லி எங்கயோ இழுத்துட்டுப் போகுது. பையன் எங்க தாத்தா எழுதினதுன்னு ஸ்கூல்ல மிஸ்கிட்ட காட்டியிருக்கான். அங்கேயே இப்படி ஆயிடுச்சு. பேசாம அழிச்சிடலாமான்னு இவர் சொல்றாரு."

"அழிக்கிறதெல்லாம் வேண்டாம்மா. ரெண்டு நாள் குடு, பார்க்கிறேன்" என்றேன்.

மனுஷன் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருந்தார். அது பெரிய உபகாரம். உள்ளே போய்ப் பார்த்தால் ஓரப் பகுதியில் மட்டும் 19 பெட்டிகள். கணினியில் திறந்தால் ஒரு கோளாறும் தெரியவில்லை. கைபேசியில் திறந்தால்தான் இழுத்துக்கொண்டு போனது, அதுவும் முதல் தடவை மட்டும். இரண்டாம் தடவை நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். இதனால்தான் பலருக்கும் இது கண்ணில் படுவதே இல்லை.

இந்த மாதிரி வேலைக்கு இறங்குகிறவர்கள் முதலில் தீம் பகுதியில் 'பேக்கப்' கொடுத்து வார்ப்புருவைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அமைப்புப் பகுதியில் பதிவுகளையும் தனியாகப் பிரதி எடுக்கலாம். பிறகு ஒவ்வொரு பெட்டியாக நீக்கி, கைபேசியில் இன்காக்னிடோ சன்னலில் திறந்து சோதிக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் புது சன்னல். பதினோராவது பெட்டியை எடுத்ததும் தொல்லை நின்றது. என்ன பெட்டி தெரியுமா? அந்த வருகைக் கணக்குதான்.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். நாம் ஒட்டிய நாலு வரிக்குள் கருவி இல்லை. 'இன்ன முகவரிக்குப் போய் அங்கே இருப்பதை வாங்கிவந்து இங்கே ஓட்டு' என்ற உத்தரவுதான் இருக்கிறது. வாசகர் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவருடைய கைபேசி அந்த முகவரிக்குப் போய்க் கேட்கிறது. 2009-இல் அந்த முகவரியில் ஒரு நல்ல மனிதர் கணக்குப் பெட்டி நடத்தினார். அப்புறம் அவருக்கு அலுத்துவிட்டது, வருஷ வாடகையைக் கட்டவில்லை, முகவரி காலியானது. வேறு யாரோ அதை வாங்கிவிட்டார். நம் வலைப்பூ இன்னமும் விசுவாசமாக அதே கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளிருந்து இப்போது என்ன வருகிறதோ அதைத்தான் ஓட்டும்.

ஏதோ மூலையில் கிடக்கும் தமிழ் வலைப்பூவுக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். 2018 பிப்ரவரி 11 அன்று பிரிட்டனில் நடந்தது இது. எழுத்தைப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் பக்கத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டும் 'பிரவுஸ் அலவுட்' என்ற கருவி. உண்மையிலேயே உதவியான கருவி. அதன் நிரலுக்குள் யாரோ புகுந்து, பார்வையாளர்களின் கணினியை மறைமுக நாணயம் தோண்ட வைக்கும் வரிகளைச் செருகிவிட்டார்கள். 4,000-க்கும் மேற்பட்ட தளங்கள் மாட்டிக்கொண்டன. தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அந்த நாட்டு ஆணையத்தின் தளமும் அதில் அடக்கம்! 2024-இல் 'பாலிஃபில்' விவகாரம் இன்னும் பொருத்தமானது. பழைய உலாவிகளுக்குப் புது வசதிகளைப் புரியவைக்கும் நிரலை வழங்கிவந்த முகவரி அது. பிப்ரவரியில் கைமாறியது. ஜூன் மாதம் பார்த்தால் கைபேசியில் வருகிறவர்களைச் சூதாட்டத் தளத்துக்குத் திருப்பிவிடுகிறது. லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அந்த ஒரு வரி இருந்தது. என் நண்பர் வலைப்பூவில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுவேதான்.

ஒழுங்காகச் சொல்லிவிட்டு மூடியவர்களும் உண்டு. கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நின்றது. ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பரோடு நிறுத்தியது, ஃபிளாஷில் செய்த கடிகாரமும் மீன்தொட்டியும் அதோடு போயின. ஃபீட்பர்னர் மின்னஞ்சல் சந்தா 2021-இல் போனது. பகிர்வுப் பொத்தான்களுக்கு எல்லோரும் நம்பியிருந்த 'ஆட் திஸ்' 2023 மே மாதத்தோடு மூடிவிட்டது. இவையெல்லாம் போனால் ஒரு வெற்றிடம் மிஞ்சும், அவ்வளவுதான். சொல்லாமல் கொள்ளாமல் கைமாறுவதுதான் ஆபத்து.

எல்லாப் பெட்டியும் ஒரே அளவு ஆபத்து என்றும் இல்லை. வெறும் படமாக வருவது சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரி. அதில் அசிங்கமான படம் வரலாம், வீட்டை ஒன்றும் செய்யாது. ஐஃபிரேம் என்ற கட்டத்துக்குள் வருவது திண்ணையில் வாடகைக்கு விட்ட கடை. பெரும்பாலும் தன் எல்லைக்குள்ளேயே இருக்கும். 'ஸ்கிரிப்ட்' என்று தொடங்கும் வரி இருக்கிறதே, அது வீட்டுச் சாவியையே கொடுப்பது. பக்கத்தில் உள்ளதை எல்லாம் படிக்கலாம், மாற்றலாம், வாசகரை வேறிடத்துக்குக் கூட்டிக்கொண்டும் போகலாம். ஒட்டுவதற்கு முன் அந்த வார்த்தை இருக்கிறதா என்று பார்க்க நிரல் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாலே போதும்.

ரம்மியை விரட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். அதற்கப்புறம்தான் நிஜமான சிக்கல் வந்தது.

நண்பர் 2010-இல் பின்னூட்டத்துக்கும் வெளியார் பெட்டி ஒன்றை மாட்டியிருந்தார். காரணம் நியாயமானது. ஒருவர் எழுதிய கருத்துக்கு அதன் கீழேயே மறுமொழி எழுதும் வசதி அப்போது பிளாகரில் கிடையாது, 2012 ஜனவரியில்தான் வந்தது. இவருக்கோ ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல ஆசை. அந்தப் பெட்டியில் இப்போது பதிவுக்குப் பதிவு பெரிய பெரிய விளம்பரங்கள். கீழே தள்ளித் தள்ளிப் போனால்தான் வாசகர் எழுதியது கண்ணில் படும். பெட்டியை எடுத்தால் பக்கம் பளிச்சென்று ஆகிவிடும், உண்மைதான். ஆனால் அதோடு கருத்துகளும் போய்விடும். அவை பிளாகரில் இல்லை, அந்த நிறுவனத்தின் கிடங்கில் இருக்கின்றன.

கருத்துகள்தானே என்று விட முடியாது. கமலையைப் பற்றிய பதிவைப் பாருங்கள். இவர் சிவகங்கைச் சொற்களை எழுதியிருக்கிறார். கீழே கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்து, எங்கள் பக்கம் இதைக் கவலை என்போம் என்று சொல்லி, மாடு பின்னால் நடந்து வரும் சரிவுக்கு என்ன பெயர், வடத்துக்கு என்ன பெயர் என்று வரிசையாகக் கொடுக்கிறார். ஏற்றம் பற்றிய பதிவுக்கு யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், தங்கள் ஊர்த் துலாவைப் பற்றி, தன் அப்பா அதில் ஏறி மிதித்தது பற்றி, ஒரு கட்டுரை அளவுக்கு எழுதியிருக்கிறார். கண்மாயில் மிகுநீர் வழிகிற இடம் கலுங்கா, கலிங்கா, கலிங்கலா என்று நாலு மாவட்டத்துக்காரர்கள் மூன்று நாள் விவாதித்திருக்கிறார்கள். பதிவில் பாதி, பின்னூட்டத்தில் மீதி. இரண்டும் சேர்ந்தால்தான் அது அகராதி.

மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி அந்தப் பெட்டியில் இருக்கிறது, கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டும். கணக்கு அவருடைய பழைய மின்னஞ்சலில் இருக்கிறது. அதன் கடவுச்சொல் டைரியில் இல்லை. அந்த நிறுவனத்துக்கு இறப்புச் சான்றிதழ் இணைத்து மூன்று தடவை எழுதினோம். தானாக வரும் நன்றி மடல் மூன்று வந்தது.

ஆகவே கையால்தான். காலையில் பேப்பர் படித்த பிறகு இரண்டு மணி நேரம். ஒரு பதிவைத் திறப்பது, 'மேலும் காட்டு' என்பதைத் தட்டிக்கொண்டே போவது, பெயர், தேதி, கருத்து மூன்றையும் பிரதி எடுத்து அதே பதிவின் அடியில் சாதாரண எழுத்தாகச் சேர்ப்பது. நான் பிரதி எடுக்க, மகள் இரவில் சரிபார்க்கிறாள். அவள் அப்பா எழுதிய மறுமொழிகளைப் பல இடங்களில் இப்போதுதான் முதல்முறை படிக்கிறாள். "இவ்வளவு பொறுமையா பேசுவாராம்மாமா, வீட்டுல இப்படிப் பேசிக் கேட்டதே இல்லையே" என்றாள் ஒரு நாள். அழிக்கச் சொன்ன மாப்பிள்ளைதான் இப்போது படங்களை எல்லாம் பென் டிரைவில் ஏற்றித் தருகிறார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எது போடலாம் என்றால், தேடல் பெட்டி கட்டாயம். குறிச்சொற்கள் கட்டாயம், ஆனால் ஒரே பொருளுக்கு மூன்று விதமாக எழுத்துக்கூட்டாதீர்கள். மாதவாரிப் பட்டியல் போதும். வருகைக் கணக்கு பார்க்க ஆசையாக இருந்தால் பிளாகரின் உள்ளேயே இருக்கிறது, பாருங்கள், தப்பில்லை. வாட்ஸ்அப்பில் பகிர்வதற்கு வெளியார் நிரல் எதுவும் வேண்டாம், சாதாரண இணைப்பே வேலை செய்யும். திருக்குறள் பெட்டி, பஞ்சாங்கப் பெட்டி எல்லாம் உங்கள் இஷ்டம். ஆனால் ஒவ்வொன்றும் வாசகரின் டேட்டாவைத் தின்னும் என்பதை ஞாபகம் வையுங்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் படிப்பது அப்பாவின் பழைய போனில். வெளியார் பெட்டி ஒன்று தேவைப்பட்டே தீரும் என்றால் போடுங்கள். அதற்குள் வாசகர் எழுதுவது எங்கே போய்ச் சேமிக்கப்படுகிறது, அதை நாம் திரும்ப எடுக்க வழி உண்டா என்று முதல் நாளே பார்த்துக்கொண்டு போடுங்கள். கடவுச்சொல்லை வீட்டில் ஒருவருக்குத் தெரியும்படி எழுதியும் வையுங்கள். நம் வயதில் இது விட்ஜெட்டைவிட அவசரம்.

214 பதிவுகளில் இன்னும் 61 பாக்கி. சில பக்கங்களில் அந்தப் பெட்டி சரியாகத் திறக்க மாட்டேன் என்கிறது. 'கருத்துகள் 23' என்று எண் மட்டும் காட்டுகிறது, உள்ளே ஒன்றும் வருவதில்லை. கமலையில் நீர் அள்ளும் பாத்திரத்தைப் பற்றிய பதிவு அப்படி ஒன்று. இவர் கூனை என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே 23 பேர் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. அந்தக் காலத்தில் அங்கே கருத்து எழுதியவர்கள் இந்தப் பட்டியலில் யாராவது இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். எழுதாதவர்களும் பரவாயில்லை, அந்தப் பாத்திரத்துக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். எடுத்துக்கொண்டுபோய் அவர் பக்கத்தில் சேர்த்துவிடுகிறேன்.