கதிரவனும் கணக்கும்

தாயத்துக் கட்டிக்கொண்டு காய்ச்சல் நீங்குமென்று காத்திருப்போரைக் கண்டு நகைப்பவருள் யானும் ஒருவன். தோட்டத்துக் கிராணியாகிய எனக்கு, நிறுத்துப் பாராத செம்பனைக் குலையைக் கணக்கில் ஏற்றும் வழக்கமும் இல்லை. அத்தகைய யானும் ஒருமுறை தாயத்துக் கட்டினேன். அதைக் கையில் கட்டாமல் முதுகுப்பையின்மேல் கட்டினேன் என்பது ஒன்றே வேற்றுமை.

சென்ற ஆண்டு நண்பர் நால்வரோடு குனோங் தாஹான் ஏறப் புறப்பட்டேன். தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரம் அது. 2,187 மீட்டர் உயரமுடையது. மெராப்போ வழியாகச் சென்று நான்கு நாளில் திரும்புவதென்பது எங்கள் திட்டம். தலைவிளக்கு, கைப்பேசி, படக்கருவி யாவும் மின்கலத்தால் இயங்குவன. காட்டிலோ மின்சாரம் கிடையாது. ஆதலின் சூரியத் தகடு பதித்த 'பவர் பேங்க்' ஒன்றை வாங்கினேன். 20,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளும் என்று அதன் பெட்டியில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. வெயிலிலேயே நிரம்புமென்றும் கண்டிருந்தது. அவ்வளவே எனக்குப் போதுமானதாயிற்று.

எங்களுள் இளையவனான தம்பி, "அண்ணே, வீட்டிலேயே முழுதும் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வாருங்கள்," என்றான். "தம்பி, நாம் விஞ்ஞான யுகத்தில் இருக்கிறோம்," என்று அவனுக்கு உபதேசம் செய்துவிட்டு, அதில் எஞ்சியிருந்த சிறிது மின்சாரத்தோடே கிளம்பினேன்.

நம் மழைக்காடு பகலிலும் நிழல் நீங்காதது. மரங்களின் தழைப் பந்தல் ஒளியைத் தானே பருகிவிட்டு, நூற்றில் ஓரிரு பங்கையே தரைக்கு விடுகின்றது. உச்சியை அண்டி மரங்கள் குள்ளமாகும் இடத்தில் வானம் தெரிந்தது. ஆனால் அதையும் மேகம் மூடியிருந்தது. தகட்டின் அருகே சிறு பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டு மனநிறைவு கொண்டேன்.

மூன்றாம் நாள் இறங்கும்போது மழை பிடித்தது, வழியிலேயே இருட்டிவிட்டது. என் தலைவிளக்கு அணைந்தது. கைப்பேசி முன்னமே அணைந்திருந்தது. பவர் பேங்கிலும் ஒன்றுமில்லை. வழிகாட்டி முன்னே செல்ல, அந்தத் தம்பி தன் விளக்கை எனக்காகப் பின்புறம் திருப்பிப் பிடித்து நடந்தான். தன் காலடியைப் பாராத அவன், வேரில் வழுக்கி விழுந்தான். முழங்கால் கிழிந்தது. மறுநாள் முழுவதும் நொண்டிக்கொண்டே இறங்கினான். என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே என்னைச் சுட்டது.

வீடு திரும்பிய பின்னரே கணக்குப் போட்டேன். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1,000 வாட் ஆற்றலைச் சொரிகின்றது. நல்ல சிலிக்கன் தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக்கும். உள்ளங்கையளவுத் தகட்டுக்குக் கிடைப்பதோ ஒன்றரை வாட். என் பவர் பேங்க் கொள்வது 74 வாட்-மணி. அது நிரம்ப, மறைப்பில்லாத வெயிலில் 50 மணி நேரம் கிடக்க வேண்டும்! அவ்வாறு கிடந்தாலும், சூடு உள்ளிருக்கும் லித்தியம் மின்கலத்தைக் கெடுத்துவிடும்.

இதனால் சூரியத் தகடே பொய் என்று கூற வரவில்லை. ஒளியால் மின்னோட்டம் பிறப்பதை 1839-இல் பிரெஞ்சு அறிஞர் பெக்கெரல் கண்டார். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் பயன்படத்தக்க சிலிக்கன் கலத்தை வெளியிட்டனர். 1958-இல் வான்கார்ட் 1 என்னும் துணைக்கோள் அத்தகைய கலங்களைத் தாங்கி விண்ணேறிற்று. விஞ்ஞானம் மெய்யே, அளந்து பாராமல் யான் வைத்த நம்பிக்கையே பொய்.

கடற்கரையிலும் திறந்த வெளியிலும் பல நாள் தங்குவோர், மடித்து விரிக்கும் 20 வாட் தகட்டைக் கொண்டுசெல்லலாம். அதை முதுகில் தொங்கவிடாமல், தங்குமிடத்தில் சூரியனுக்கு நேரே விரித்து, பவர் பேங்கை நிழலில் வைத்தல் வேண்டும். ஒரு கலத்தின்மேல் நிழல் விழுந்தாலும், அதனோடு தொடராக இணைந்த மற்றவையும் தளர்ந்துவிடும். மழைக்காடு ஏறுவோர்க்கோ, வீட்டிலேயே முழுதும் ஏற்றிய சாதாரணப் பவர் பேங்கும் ஒரு மாற்று விளக்குமே துணை.

புரோகிதன் சொல்லைக் கேள்வி கேட்கும் நாம், பெட்டியின்மேல் அச்சிட்ட சொல்லையும் கேள்வி கேட்க வேண்டாமா? ஆங்கில எழுத்தில் வந்துவிட்டதனால் மூடநம்பிக்கை பகுத்தறிவாகிவிடுமா?

அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அது கிடக்கட்டும், அண்ணே. அடுத்த மலைக்குக் கணக்குப் பார்ப்பது யார்?" என்று சிரித்தான்.

"கிராணிதான்," என்றேன்.