காகிதத்தில் இல்லாத காயம்

வேலை நிமித்தமாக 2016 முதல் 2018 வரை அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் இருந்தேன். கிள்ளானில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த ஊரில் தெரிந்தவர் எவரும் இல்லை. முதலில் பழக்கமானவர் பக்கத்து வீட்டுப் பெரியவர்தான். 85 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். மனைவி இறந்த பிறகு தனியாக வாழ்ந்து வந்தார். நம் ஊர் வழக்கப்படி அவரை 'அங்கிள்' என்று கூப்பிட்டேன். முதல் நாள் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அதுவே அவருக்குப் பிடித்துப்போனது.

குளிர்காலம் வந்தால் இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். என்ன ஆயிற்று என்று ஒருநாள் கேட்டேன். "கொரியாவிலிருந்து கொண்டுவந்தது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சில வாரங்கள் கழித்து, கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு அவரே என் வீட்டுக் கதவைத் தட்டினார். கணினியில் சில படிவங்களை நிரப்பித் தர முடியுமா என்று கேட்டார். அன்றுதான் முழுக் கதையும் தெரிந்தது.

1951ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். அவருக்கு அப்போது 19 வயது. 'ஹார்ட்பிரேக் ரிட்ஜ்' என்று பின்னாளில் பெயர் பெற்ற மலைமுகட்டில் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு மாதம் நீடித்த அந்தச் சண்டையில் அமெரிக்க, பிரெஞ்சுப் படைகளில் மட்டும் 3,700க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காயமுற்றோ போனார்கள். பதுங்குகுழிக்குப் பக்கத்தில் ஒரு மோர்ட்டார் குண்டு விழுந்தது. பக்கத்தில் இருந்த நண்பர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். இவருடைய இடது தொடையில் குண்டுச் சிதறல்கள் பாய்ந்தன.

மலையடிவாரத்தில் இருந்த முதலுதவி முகாமுக்குத் தூக்கிச் சென்றார்கள். எடுக்க முடிந்த உலோகத் துண்டுகளை எடுத்து, கட்டுப் போட்டார்கள். மூன்றாம் நாளே மறுபடியும் முகட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "பக்கத்தில் கால் இல்லாமல் ஒருவன் படுத்திருந்தான். என்னுடையதைக் காயம் என்று சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது" என்றார்.

65 ஆண்டுகள் அவர் எந்தப் பதக்கத்தையும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு, இறந்துபோன நண்பரின் தங்கை எங்கிருந்தோ இவருடைய எண்ணைக் கண்டுபிடித்துத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். அவருக்கும் வயது 80க்கு மேல். அண்ணன் எப்படி இறந்தான் என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்த கடிதத்தில் தேதி மட்டும்தான் இருந்ததாம். இவர் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். "உங்களுக்கும் அடிபட்டதா? அப்படியானால் உங்களுக்கும் பதக்கம் கொடுத்திருப்பார்களே?" என்று அந்த அம்மா கேட்க, இவர் இல்லை என்றிருக்கிறார். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை.

"நான் அங்கே இருந்தேன் என்பதையே அவர் நம்பவில்லையோ என்று தோன்றியது" என்றார் பெரியவர். அவர் என் வீட்டுக் கதவைத் தட்டியதற்குக் காரணம் அதுதான்.

அவர் கேட்ட பதக்கத்தின் பெயர் 'பர்ப்பிள் ஹார்ட்'. ஊதா நிற இதய வடிவம். நடுவில் ஜார்ஜ் வாஷிங்டனின் முகம். 1782இல் வாஷிங்டன் ஏற்படுத்திய ஒரு விருதின் வழிவந்தது. நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்ததை, அவருடைய 200ஆவது பிறந்த நாளான 1932 பிப்ரவரி 22 அன்று மீண்டும் உயிர்ப்பித்தார்கள். இது வீரத்துக்குக் கொடுக்கும் பதக்கம் அன்று. எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவருக்கும் உயிர்விட்டவருக்கும் உரியது. மேலதிகாரியின் பரிந்துரையும் தேவையில்லை. காயம் நிரூபணமானால் போதும், பதக்கம் அவருடைய உரிமை.

சிக்கல் அந்த 'நிரூபணம்' என்ற சொல்லில்தான். எதிரியின் செயலால் காயம் ஏற்பட்டிருக்க வேண்டும், மருத்துவப் பிரிவினர் அதற்குச் சிகிச்சை அளித்திருக்க வேண்டும், அந்தச் சிகிச்சை அதிகாரபூர்வ ஆவணத்தில் பதிவாகியிருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையில் இவர் மாட்டிக்கொண்டார். குண்டுகள் விழுந்துகொண்டிருந்த மலையடிவாரத்தில், மூன்று நாளில் திரும்பிப்போன ஓர் இளைஞனைப் பற்றி யார் எந்தத் தாளில் எழுதினார்கள்?

அப்படியே எழுதியிருந்தாலும் அந்தத் தாள் இருந்திருக்கக்கூடிய இடம் எங்கள் வீட்டிலிருந்து காரில் சிறிது நேரப் பயணம்தான். செயிண்ட் லூயிஸ் புறநகரில் இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் 1973 ஜூலை 12 அன்று, நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில், ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. அந்தத் தளத்தில் தானாக நீர் தெளிக்கும் கருவிகள் இல்லை. தீ முழுவதுமாக அணைய நான்கு நாளுக்கு மேல் ஆனது. 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான இராணுவக் கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு போய்விட்டது. நகல் கிடையாது, மைக்ரோபிலிம் கிடையாது, எவருடைய கோப்பு எரிந்தது என்று சொல்லப் பெயர்ப்பட்டியல்கூடக் கிடையாது. தீ எப்படிப் பிடித்தது என்பதும் கடைசிவரை உறுதியாகவில்லை.

"அந்தப் புகையை எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தேன். அதில் நானும் எரிந்துகொண்டிருக்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது" என்றார்.

ஆவணம் எரிந்தால் அதோடு எல்லாம் முடிந்தது என்பதில்லை. அந்த மாதங்களில் நான் கற்றுக்கொண்டது இது. சம்பளப் பட்டியல்கள் வேறோர் இடத்தில் இருக்கலாம். மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றிய தகவல் தனியாகத் தொகுக்கப்பட்டிருக்கலாம். முக்கியமாக, ஒவ்வொரு கம்பெனியும் நாள்தோறும் எழுதிய 'காலை அறிக்கை' என்ற ஒன்று உண்டு. யார் வந்தார், யார் போனார், யார் மருத்துவமனையில், யார் இறந்தார் என்று ஒரு வரியில் எழுதுவார்கள். அந்த அறிக்கைகள் தீக்குத் தப்பிவிட்டன.

அதைக் கேட்டு வாங்கினோம். மங்கலான தட்டச்சு எழுத்து. குறிப்பிட்ட தேதியில் நண்பரின் பெயர், படை எண், 'போரில் கொல்லப்பட்டார்' என்ற குறிப்பு எல்லாம் இருந்தன. பெரியவரின் பெயர் இல்லை. முதலுதவி முகாமில் படுத்தவரை மருத்துவமனைக்குப் போனவராகக் கணக்கில் சேர்க்கவில்லை போலிருக்கிறது. ஒரே குண்டு. செத்தவருக்குக் காகிதம் இருக்கிறது, பிழைத்தவருக்கு இல்லை.

அடுத்து எக்ஸ்ரே எடுத்தோம். தொடைக்குள் அரிசி அளவில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். எனக்கு ஒரே மகிழ்ச்சி. அவருடைய மருத்துவர்தான் பொறுமையாக விளக்கினார்: உலோகம் இருக்கிறது என்று இந்தப் படம் சொல்லும்; அது எந்த நாளில், எந்த மலையில், எப்படி உள்ளே போனது என்று சொல்லாது.

நேரில் பார்த்த இருவரின் வாக்குமூலம் இருந்தால் நல்லது என்றார்கள். அந்தப் பதுங்குகுழியில் இருந்தவர்களில் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். வேறு மாநிலத்தில் முதியோர் இல்லத்தில் இருந்தார். நடுங்கும் கையெழுத்தில் அரைப்பக்கம் எழுதி அனுப்பினார்.

பிறகு பெரியவரின் மகள், பாட்டி வைத்திருந்த பழைய பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் கொரியாவிலிருந்து இவர் எழுதிய கடிதங்கள் இருந்தன. சரியாக அந்த வாரத்துக் கடிதமும் இருந்தது. மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். மகள் உரக்கப் படித்தார். அம்மா, நான் நன்றாக இருக்கிறேன். மலையில் இறங்கும்போது சறுக்கி விழுந்து காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கவலைப்படாதே என்று எழுதியிருந்தார்.

அந்த வாரத்தில் எழுதப்பட்டவற்றில் இவருடைய காலைப் பற்றிக் கிடைத்த ஒரே எழுத்து அதுதான். அதுவும் இவருக்கு எதிராகவே சாட்சி சொன்னது. தாயின் மனம் நோகக் கூடாதென்று 19 வயதுப் பிள்ளை சொன்ன பொய்.

"இதை அனுப்ப வேண்டாம், அப்பா. யார் கேட்கப் போகிறார்கள்?" என்றார் மகள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பெரியவர் கடிதத்தை வாங்கி மடித்து, விண்ணப்பக் கட்டில் வைத்தார். "உண்மையைச் சொல்லத்தானே இதெல்லாம் செய்கிறோம்? இதையும் சேர்த்தால்தான் உண்மை" என்றார். ஏன் அப்படி எழுதினார் என்பதைத் தனித்தாளில் தம் கையால் எழுதிச் சேர்த்தார்.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவருடைய சேவைக்கு நன்றி. சிகிச்சைக்கான பதிவு கிடைக்காததால் பதக்கம் வழங்க இயலாது. மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. அதற்கும் எழுதினோம். நான் நாடு திரும்பும்வரை முடிவு வரவில்லை.

அந்த அலுவலகத்தைக் கண்டபடி திட்ட எனக்கு ஆசைதான். ஆனால் கொரியப் போரில் காயமுற்ற அமெரிக்கர்கள் 103,000க்கும் மேல். படாத காயத்துக்குப் பதக்கம் கேட்பவரும் உலகத்தில் உண்டு. பொய் சொல்பவரைத் தடுக்கப் போட்ட வேலியில் உண்மை சொல்பவரும் சிக்கிக்கொள்கிறார். வேலியே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் எரிந்த கட்டடத்துக்கு அந்தக் கிழவரா பொறுப்பு? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றும் விடை கிடைக்கவில்லை.

இதற்கிடையில் ஒன்று நடந்தது. காலை அறிக்கையின் நகல் கிடைத்ததுமே அவர் நண்பரின் தங்கையை அழைத்து அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டினார். அண்ணனின் பெயர், எண், தேதி. அந்த அம்மா இன்னொரு முறை படிக்கச் சொன்னாராம். பிறகு மூன்றாம் முறையும் படிக்கச் சொன்னாராம். அதன்பின் பெரியவர் பதக்கத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆனால் விண்ணப்பத்தையும் விடவில்லை.

2019இல் மகளிடமிருந்து செய்தி வந்தது. மேல்முறையீடும் தள்ளுபடி. வருத்தத்தோடு அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் குரலில் வருத்தம் இல்லை. "என் கோப்பு எரிந்துபோயிருந்தது. இப்போது எனக்கு ஒரு கோப்பு இருக்கிறது. அதில் நான் சொன்னதும், நண்பன் எழுதியதும், அம்மாவுக்கு எழுதிய பொய்யும் இருக்கின்றன. நாளைக்கு எவராவது திறந்து பார்த்தால் நடந்தது தெரியும்" என்றார்.

காகிதம் இல்லாத துயரம் நமக்குப் புதிதல்ல. பிறப்புப் பத்திரம் இல்லாமல் அடையாளக் கார்டுக்கு அலைந்தவர்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! சயாம் மரண ரயில் பாதையில் இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. அங்கே மடிந்த நம் தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கற்கள் இல்லை.

என் அப்பாவின் வலக்கையில் இரண்டு விரல்நுனிகள் இல்லை. பலகை ஆலையில் ரம்பம் அறுத்தது. வீட்டில் விறகு வெட்டும்போது ஆனதென்று சொல்லச் சொன்னார்களாம். அப்பாவும் கிளினிக்கில் அப்படியே சொல்லியிருக்கிறார். சிறு வயதிலிருந்து அந்த விரல்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதைப் பற்றி எழுத்தில் ஒரு வரிகூட எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

அந்த ஆண்டு தீபாவளி விடுமுறையில் நோட்டுப் புத்தகத்தோடு அப்பா எதிரில் உட்கார்ந்தேன். "எதுக்கும்மா இப்ப இதெல்லாம்? விரல் திரும்ப முளைக்கப் போகுதா?" என்றார். ஆண்டு அவருக்கு நினைவில்லை. அம்மாதான் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: "உன் தங்கச்சிக்குப் பேர் வச்ச வாரம்." தங்கையின் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்து 1991 என்று எழுதினேன். எந்த ரம்பம், யார் பக்கத்தில் நின்றார், யார் கிளினிக்குக்கு அழைத்துப் போனார் என்று ஒவ்வொன்றாக அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது.

எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, கீழே தேதி போட்டு, அந்த வலக்கையாலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.