மொறிஸ் மைனரும் இரண்டு அங்குலமும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை வேண்டி வந்தபோது, கல்லூரி நினைவுகளை எழுதுக என்றனர். எம் ஆசிரியப் பெருமக்களைப் பற்றியும் துடுப்பாட்டப் போட்டிகளைப் பற்றியும் என்னினும் வல்லார் பலர் இம்மலரில் எழுதுவர் என்பதை நான் அறிவேன். ஆகவே, என் வீட்டுக் கொட்டிலில் நிற்கும் ஒரு பழைய காரைப் பற்றி எழுதத் துணிந்தேன். நகைப்போர் நகைக்கட்டும். கல்லூரி ஆய்வுகூடத்திற் கண்ட பாடமொன்று ஐம்பது ஆண்டுகளின் பின் ஒரு கராஜிலே எனக்குக் கைகொடுத்தமையால், இது முற்றிலும் பொருந்தாப் பொருளும் ஆகாது.

கார் 1957ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் 1000. எந்தையார் அதனை 1966இல், ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவரிடம் வாங்கினார். அக்காலத்தில் எம் குடாநாட்டு வீதிகளில் ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் என்னும் மூன்று சாதியாரே பெரும்பாலும் ஓடித் திரிந்தனர் எனலாம். மைனரை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். ஸ்மேர்னா நகரிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய அவரே பின்னர் 1959இல் மினியையும் உலகுக்குத் தந்தவர். மைனர் 1948இல் வெளிவந்தது. வெளிவருமுன், மாதிரி வண்டி மிக ஒடுங்கியிருக்கின்றதென்று அவருக்குத் தோன்றவே, அதனை நெடுக்கே இரண்டாக அறுப்பித்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகட்டினாராம். மூடியின் நடுவே ஓடும் தடித்த பட்டி அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே. படைத்தவரே தம் படைப்பை வாளால் அறுத்தாரெனின், அதில் இரண்டு அங்குலம் கூட்டுவதோ குறைப்பதோ பாவமாகாது என்று என் மருமகன் வாதிடுவான். அவனுடைய வாதத்திலிருந்தே இக்கதை தொடங்குகின்றது.

மருமகன் என் தங்கையின் மகன், இலண்டனில் வாழ்பவன். 2023ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவன், கொட்டிலைத் திறந்து காரைச் சுற்றி வந்துவிட்டு, "மாமா, இது ஏன் குதிக்காலிலே நிக்குது?" என்றான். உண்மையில் கார் அவ்வாறுதான் நின்றது. முன்புறம் தாழ்ந்து, பின்புறம் உயர்ந்து, கிணற்றுள் எட்டிப் பார்க்கும் பிள்ளையைப் போல. "இரண்டு அங்குலம் பதிப்பம் மாமா. அங்கே பழைய கார் வைச்சிருக்கிறவை எல்லாரும் பதிக்கினம்." அழகுக்காகக் காரைப் பதிப்பது இளைஞர் விளையாட்டு என்று எண்ணி, நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

2024ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு மாலை, யாழ்ப்பாணத்திலிருந்து பேத்தியுடன் திரும்பிக்கொண்டிருந்தேன். நாவற்குழிப் பாலம் கடந்து சிறிது தூரத்தில், வீதியின் குறுக்கே ஒரு மாடு. நாற்பது மைல் வேகந்தான். விலத்தத் திருப்பினேன், மாடு தப்பியது. ஆனால் காரின் பின்புறம் எனக்கு அடங்காமல் ஒருபுறம் சரிந்து, பின் மறுபுறம் சரிந்து, இரண்டு சில்லுகள் மண்ணில் இறங்கியபின்னரே நின்றது. எதிரே பேருந்து ஏதும் வரவில்லை. "அம்மப்பா, கார் ஏன் ஆடினது?" என்று பின்னாசனத்திலிருந்து குழந்தை கேட்டாள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிய காரைப் பற்றி அவளுக்குச் சொல்ல என்னிடம் விடை இருக்கவில்லை.

அன்றிரவே மருமகனுக்கு எழுதினேன். மறுநாள் அளவு நாடாவை எடுத்தேன். நான் நில அளவையாளனாக ஊதியம் பெற்றவன். ஆயினும் சொந்தக் காரை அன்றுதான் முதன்முதலாக அளந்தேன். நிலத்திலிருந்து நான்கு சில்லு மூடிகளின் விளிம்புகளுக்கும் உயரம் எடுத்தபோது, முன் இடப்புறம் வலப்புறத்தினும் முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. பின்புறமோ, கார் புதிதாய் நின்ற பழைய படங்களோடு ஒப்பிட்டால், இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருந்தது. வைக்கோல் ஏற்றிய வண்டி திருப்பத்திற் குடைசாய்வதை நம்மவர் எல்லோரும் கண்டிருப்பர். பாரம் உயரே இருந்தால் வளைவில் வண்டி வெளிப்புறம் சாயும். தாழ இருந்தால் வீதியைப் பற்றும். பதித்தலின் உட்பொருள் இவ்வளவே. அழகு பிறகு வருவது.

அவ்வாண்டு ஆவணியில் மருமகன் வந்தான். பயணப்பெட்டியில் உடுப்பு அரைவாசி, இரும்பு அரைவாசி. காரை நுணாவிற் பக்கத்துக் கராஜ் ஒன்றுக்குக் கொண்டுசென்றோம். அதன் உரிமையாளரும் எம் கல்லூரியின் பழைய மாணவரே. எனக்குப் பல ஆண்டு இளையவர். அங்கே மூவரும் இரண்டு நாள் வாதாடினோம்.

மைனரின் முன்புறத்திற் சுருள்வில் இல்லை. சில்லைத் தாங்கும் கீழ்க்கையிலிருந்து, தரையடியில் நெடுக்கே பின்னோக்கி ஓடும் ஓர் உருக்குத் தண்டு உண்டு. சில்லு மேலெழும்போது அத்தண்டு முறுகும். முறுகியது மீளும்போது சில்லு இறங்கும். அதன் பின் நுனியிலே பல்வெட்டுகள் உள. அங்கு பூட்டிய கையை ஒரு பல் தள்ளிப் பூட்டினால் காரின் முன்புறம் தாழும் அல்லது உயரும். ஒரு சதமேனும் செலவில்லாத வழி இது. எனினும், ஆண்டுக்கணக்காக ஒரு திசையில் முறுகிப் பழகிய தண்டை இடம் வலம் மாற்றிப் பூட்டலாகாது, முறிந்துபோகும். எமது காரின் இடத்தண்டு களைத்துத் தொய்ந்திருந்தமையே அந்த முக்கால் அங்குலத்துக்குக் காரணம் எனக் கண்டோம்.

பின்புறம் வேறு கதை. அங்கே மாட்டு வண்டிக்காரரும் அறிந்த வில்லுத் தகடுகளே. அவற்றைத் தாழ்த்த வழி மூன்று. தகட்டுக் கட்டுக்கும் அச்சுக்கும் நடுவே ஓர் உலோகக் கட்டையை வைத்து, நீண்ட யூ வடிவ ஆணிகளால் இறுக்கலாம். மருமகன் இரண்டு அங்குலக் கட்டைகளையும் ஓரங்குலக் கட்டைகளையும் கொண்டுவந்திருந்தான். ஒரு தகட்டைக் கழற்றிவிடலாம். ஆனால் அது தளர்ந்து, வேகமெடுக்கும்போது அச்சு முறுகித் துள்ளும். அன்றேல் தகடுகளின் வளைவைக் குறைக்கலாம். கராஜிலிருந்த பையன் ஒருவன், "காஸ் விளக்கைப் பிடிச்சா அரை மணித்தியாலத்திலே பதிஞ்சிடும்" என்றான்.

அப்பொழுது எனக்கு 1974ஆம் ஆண்டு ஆய்வுகூடம் நினைவுக்கு வந்தது. எம் பௌதிகவியல் ஆசிரியர் ஓர் அரிவாள் தகட்டை மேசை விளிம்பிற் பூட்டி, நுனியிற் படிகளைத் தொங்கவிட்டு, றொபேட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதியை எமக்குக் காட்டினார். படிக்கேற்ப வளைந்தது; படியை எடுக்க நிமிர்ந்தது. பின் அதே தகட்டைச் சுடரிற் செந்நிறமாகக் காய்ச்சி ஆறவிட்டுத் திரும்பவும் பூட்டினார். வளைந்தது, நிமிரவில்லை. "நெருப்புக் கண்ட வில், வில் அன்று" என்று சொல்லிவிட்டு, மணி அடிக்குமுன்னே வகுப்பை விட்டுப் போய்விட்டார். இதனை நான் பையனுக்குச் சொன்னேன். கராஜ் உரிமையாளர் சிரித்து, "அண்ணை, எங்களுக்கும் அவர்தான் செய்து காட்டினவர்" என்றார். குளிர்ந்த நிலையில் அழுத்தியே வளைவைத் திருத்துவதென முடிவாயிற்று.

ஷொக் அப்சோபர் விடயத்தில் மருமகன் முன்னும் பின்னும் புதிய குழாய் வகையையே போடவேண்டுமென்றான். மைனருக்கு உரியது எண்ணெய் நிரப்பிய பழைய நெம்புகோல் வகை. முன்புறத்தில் அதன் கையே சில்லின் மேற்பிடியாகவும் இருப்பதால், புதியதைப் போட்டாலும் பழையதைக் கழற்றியெறிய இயலாது. ஆகவே முன்னதைத் திருத்தி எண்ணெய் நிரப்பினோம். பின்புறத்துக்கு மட்டும் அவன் கொண்டுவந்தவை. இவ்வளவு செலவும் ஒரு கிழக்காருக்கு வேண்டுமா என்று அயலார் கேட்டனர். 2020 பங்குனியில் நிறுத்திய வாகன இறக்குமதி அப்போதும் திறக்கப்படவில்லை. இருப்பதைப் பேணுவதன்றி எம்போன்றோருக்கு வேறு வழி ஏது?

தகட்டுக் கட்டை அவிழ்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. கைந்நூலில் உள்ளதற்கு மேல் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தகடு கூடுதலாய் இருந்தது. ஏனையவற்றிலும் தடித்தது, கையால் அடித்த சம்மட்டித் தழும்போடு கூடியது. "இது மொறிஸ் இல்லை, ஆரோ செருகினது" என்றார் உரிமையாளர். ஆரென்று எனக்குத் தெரியும். இருபத்தொன்பது ஆண்டுகளாக அதனை மறந்திருந்தேன் என்பதே எனக்கு வியப்பாயிருந்தது.

1990இன் பின் பெற்றோல் தடைப்பட்டமையும், சில துளி பெற்றோலாற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியமையும் இம்மலரை வாசிப்போர்க்கு நான் சொல்லவேண்டுவதில்லை. 1995 ஐப்பசி 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழி கடந்து தென்மராட்சிக்கு வந்தனர். கச்சாய்ப் பக்கத்திலிருந்த எம் சிறு வீட்டில் நாற்பது பேர் இருந்தோம். முன் ஆசனம் ஒன்றைக் கழற்றிப் பாய் விரித்து, நடக்கவியலாத முதியோரையும் நோயாளரையும் அந்தக் காரில் நான் ஏற்றியிறக்கினேன். நான்காம் நாள் பின்வில் தொய்ந்து அச்சு உடலில் இடித்தது. எந்தையார் அயலிலிருந்த கொல்லரிடம் சென்றார். அவர் உடைந்த லொறியொன்றின் தகட்டை அறுத்து, துளையிட்டு, இரவோடிரவாக இரு பக்கமும் செருகித் தந்தார், கூலி வாங்கவில்லை. அதற்கடுத்த கிழமை, மழை கொட்டிய ஓர் இரவில், அக்காரிலேதான் என் தங்கையைச் சாவகச்சேரி வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றேன். விடியுமுன் மகன் பிறந்தான்.

அம்மகன் என் எதிரே, கையிற் கிறீஸுடன், கழற்றிய தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் சொல்லி முடித்தபோது அவன் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரத்தின் பின், "அப்ப இதை விட்டிட்டு வேற வழி பாப்பம் மாமா" என்றான். பதிக்கவேண்டும் என்று ஓராண்டு வாதாடியவன் அவன், வேண்டாமென்றவன் நான். இப்போது பேச்சு தலைகீழாயிற்று. நாவற்குழியில் கார் சரிந்ததை நான் அறிவேன்; அவன் அறியான். நாற்பது பேரைச் சுமந்த தகடு, ஒரு குழந்தை மட்டும் இருக்கும் காரை நிலத்தைப் பற்றவிடாமல் தூக்கிப் பிடித்தது. 2000ஆம் ஆண்டுப் போரில் எம் வீடு கூரையிழந்தது. கொல்லரின் பட்டறை இருந்த இடமும் தெரியாமற் போயிற்று. எஞ்சியிருந்தவை கரவெட்டிக்கு எம்மை ஏற்றிச்சென்ற இந்தக் காரும், அதனடியில் இவையுமே. இருந்தும் "கழற்று" என்று நானே சொன்னேன். சொன்னபின் வெளியே போய்ச் சிறிது நேரம் வீதியைப் பார்த்து நின்றேன்.

கழற்றியதும் பின்புறம் தானாகவே தன் பழைய உயரத்துக்கு வந்தது. பதித்தலென்று நாங்கள் தொடங்கியதிற் பெரும்பகுதி, உயர்த்தியதை மீட்டலே. அதற்குக் கீழ் எவ்வளவு என்பதே எஞ்சிய வழக்கு. மருமகன் இரண்டு அங்குலக் கட்டையைக் கையில் எடுத்தான். கண்டி வீதி இன்று காப்பெற் வீதி. அதற்கு இரண்டு அங்குலமும் தகும். ஆனால் எம் ஒழுங்கைகளின் மதகுகளும் மாரி வெள்ளமும் கண்டி வீதியில் இல்லை. புத்தம் புதிய மைனருக்கே தரையிலிருந்து ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த இடைவெளிதான். ஓரங்குலம் என்றேன். முன்புறத்தையும் அதற்கேற்பப் பல் மாற்றிப் பூட்டி, இரு பக்கமும் சமன் செய்து, முன் சில்லுகளின் சாய்வையும் நேர் பார்த்தோம். முன் சில்லுத் திருகு மூட்டுகளுக்குக் கிறீஸ் அடிப்பதை மட்டும் மறக்கவேண்டாமென்று மருமகன் மூன்று முறை சொன்னான். அது வறண்டால் சில்லே மடிந்து விழும்; மைனர் வைத்திருப்போர் இதைக் குறித்துக்கொள்க.

கழற்றிய தகடுகளைக் கண்ட ஒருவர், நல்ல கொடுவாக்கத்தி அடிக்கலாமென்று விலை பேசினார். இலண்டனிலிருந்து தங்கை, "அண்ணை, அதை ஒருத்தருக்கும் குடுத்திடாதையுங்கோ" என்றாள். கொட்டிற் சுவரிற் சாத்தி வைத்திருக்கின்றேன். கடனீரேரியின் உப்புக்காற்று இரும்பை விடாது. ஆதலால் கார் எண்ணெயை மாற்றும்போதெல்லாம் அவற்றுக்கும் சிறிது பூசுகின்றேன்.

2025ஆம் ஆண்டுப் பங்குனித் திங்களுக்கு மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோவிலுக்குப் பொங்கச் சென்றோம். ஆட்கள் ஐவர், பேத்தி ஒருத்தி, பானை, அரிசி, தேங்காய், ஒரு கட்டு விறகு. பதித்த காருக்கு இதனிலும் பெரிய சோதனை இல்லை. கண்டி வீதியில், வளைவுகளில் உடல் சரியாமல், இளமையில் ஓடியது போலவே ஓடியது. உள்வீதிக்குத் திரும்பியபின் ஒரு மதகில் ஏறி இறங்கும்போது மட்டும் அடியில் 'டக்' என்றொரு சத்தம். அச்சுக்கும் உடலுக்கும் இடையேயுள்ள இறப்பர்க் குற்றி தன் கடமையைச் செய்தது.

அன்றிரவு மருமகன் தொலைபேசியில் அழைத்தான். பொங்கல் எப்படி என்று கேட்கவில்லை.

"இடிச்சதோ மாமா?"

"ஒருக்கா. விறகு கொஞ்சம் கூடிப்போச்சு, தம்பி."

சற்றுத் தடித்த இறப்பர் இரண்டு வாங்கி வைத்திருப்பதாகவும், ஆவணியில் வரும் ஒருவரிடம் கொடுத்து விடுவதாகவும் சொன்னான்.